சட்டிக்கு வைத்த காவல்

7-10-1996, திங்கள்

காலை ஐந்து மணிக்கு எழுந்து கொல்லைப்பக்கம் போனேன். கவிழ்த்து வைத்திருந்த மண்சட்டிகளில் பெரியதை நிமிர்த்தி முகர்ந்து பார்த்தேன். சந்தேகப்பட்டது சரிதான். நேற்று சாயங்காலம் விற்றுத் தீர்ந்த எலும்பு சூப் இன்னும் அதற்குள்ளேயே குடியிருக்கிறது. மிளகு, சீரகம், கொழுப்பு, எல்லாம்.

கழுவினாளாம் தாயம்மா. எதை வைத்து? தேங்காய் நார், அடுப்புச் சாம்பல், வெந்நீர். இதற்குப் பேர் கழுவுவதா? முப்பத்திரண்டு வருஷம் சுகாதார ஆய்வாளனாக இருந்தவன் நான். மயிலாப்பூரில் நான் மூக்கை நுழைக்காத ஓட்டல் அடுப்படி கிடையாது. வைரவன் வருகிறான் என்றாலே பழைய எண்ணெய் தானாகச் சாக்கடைக்குப் போகும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவன் வீட்டுக் கொல்லையில் இப்படி.

ஜலஜாவிடம் சொல்ல முடியாது. கடை அவளுடையது. நான் ரிடையர் ஆன அடுத்த மாதமே மந்தைவெளி வீட்டுக் கார் ஷெட்டில் 'மண்சட்டி சூப்' என்று பலகை மாட்டினாள். பக்குவம் இவளுடையது, சமைக்கிற கை தாயம்மாவுடையது. ஆறே மாதத்தில் சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வாசலில் கூட்டம் நிற்கிறது. கடை திறந்த அன்றே எனக்குச் சட்டம் போட்டுவிட்டாள். "நீங்க அடுப்படிக்கு வந்தா புருஷனா வாங்க. இன்ஸ்பெக்டரா வராதீங்க."

சரி. அவள் எழுந்திருப்பதற்குள் புருஷனாகவே கழுவிவிடுகிறேன். தாயம்மா பகல் ஒரு மணிக்குத்தான் வருவாள். யாருக்கும் தெரியப்போவதில்லை.

8-10-1996, செவ்வாய்

சோப்புத் தூள் இரண்டு கரண்டி. கொதிக்கக் கொதிக்க வெந்நீர். எலும்புச் சட்டி, ஆட்டுக்கால் சட்டி, கீரைச் சட்டி, மூன்றையும் அரை மணி ஊற வைத்து, தேய்த்து, அலசிக் கவிழ்த்தேன். நாலாவதான மீன் சட்டியைத் தொடவில்லை. அந்த வாடை எனக்கு ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு மட்டும்தானே அதற்கு வேலை, கிடக்கட்டும்.

முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. இதுதான் சுத்தம்.

9-10-1996, புதன்

இன்றும் கழுவினேன். இனி தினமும் செய்வதாக முடிவு.

17-10-1996, வியாழன்

நஸ்ருன்னிசா டீச்சர் இன்று பாதி கப்போடு வைத்துவிட்டார். பள்ளிக்கூடம் விட்டதும் நேராக இங்கே வந்து ஒரு கப் குடித்துவிட்டு, படுக்கையில் இருக்கும் தன் அம்மாவுக்கு ஒரு தூக்குப் பாத்திரத்தில் வாங்கிக்கொண்டு போகிறவர். "அடிநாக்குல லேசா கசக்குதும்மா" என்றார். தூக்கைத் திறக்கவே இல்லை.

ஜலஜாவின் முகம் சுண்டிப்போய்விட்டது. தாயம்மா ஒரு கரண்டி ஊற்றிக் குடித்துப் பார்த்தாள்.

"ஆமாம்மா. எனக்கும் ரெண்டு நாளா அப்டித்தான் கீது. மெளகுதான் பயசாப் பூட்சோன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

இரண்டு நாளாகத் தெரியுமாம். சொல்லவில்லையாம்! கேட்பதற்கு முன்னால் தானே வந்து ஒத்துக்கொள்கிறவனைத்தான் முதலில் பிடிக்க வேண்டும், இது என் அனுபவம். ஒரு பால்காரன், நான் பையிலிருந்து பாலைச் சோதிக்கும் லாக்டோமீட்டரை எடுப்பதற்குள், "சார், மாடு இன்னைக்குத் தண்ணி நிறையக் குடிச்சிருச்சு" என்றான். அன்றைக்கே அவன் மேல் கேஸ் எழுதினேன்.

தாயம்மாவைக் கவனிக்க வேண்டும்.

20-10-1996, ஞாயிறு

சூப் கொதிக்கும்போது அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்றேன். புருஷனாகத்தான்.

நுரை. எலும்பு வேகும்போது முதலில் அழுக்கு நுரை மேலே வரும், அதைத் தாயம்மா கரண்டியால் வழித்துக் கொட்டுவாள், அது எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி. எடுக்க எடுக்க வெள்ளையாக வந்துகொண்டே இருந்தது. வாயில் வைத்தால் ஒரு வழவழப்பு. விழுங்கின பிறகு கசப்பு.

ஆப்பசோடா!

எனக்கு ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? எலும்பு சிறு தீயில் நாலு மணி நேரம் வேக வேண்டும். ஒரு சிட்டிகை சோடாவைப் போட்டால் அதில் பாதி நேரம் போதும். மிச்ச நேரம் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு காலை நீட்டி உட்காரலாம். சுண்டலைச் சீக்கிரம் வேகவைக்க நினைக்கிறவன் செய்கிற அதே வேலை. கசப்பு, வழவழப்பு, நுரை, மூன்றுக்கும் ஒரே காரணம்.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. இன்று மீன் குழம்பு மட்டும் அருமையாக இருந்ததாம். கேட்டுக் கேட்டு வாங்கிப் போனார்கள். ஏன்? மீன் தானாகவே பத்து நிமிஷத்தில் வெந்துவிடும். அதற்கு எதற்கு சோடா? எல்லாம் பொருந்தி வருகிறது. எங்கேயும் இடிக்கவில்லை.

22-10-1996, செவ்வாய்

பேப்பர் படிக்கிற மாதிரி கொல்லை ஜன்னல் ஓரம் நின்றேன். ஒரு மணியிலிருந்து மூன்று மணி வரை. அடுப்பை மூட்டினாள், ஆட்டுக்காலைத் தணலில் வாட்டிச் சுரண்டினாள், இஞ்சி தட்டினாள். முந்தானைக்குள் கை போகிறதா என்று பார்த்தேன். இரண்டு தடவை போயிற்று. ஒரு தடவை வெற்றிலை. இன்னொரு தடவை என்னவென்று தெரியவில்லை.

"இன்னா சார், ஜன்னலாண்டயே நின்னுக்கினு கீறீங்கோ? உள்ள காத்து வர்லியா?"

பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேனோ என்று ஒரு கணம் பயந்துவிட்டேன். இல்லை, நேராகத்தான் இருந்தது.

25-10-1996, வெள்ளி

சூப் பாதிக்கு மேல் மிஞ்சிவிட்டது. ஆட்டுக்கால் சட்டி அப்படியே இருக்கிறது. டீச்சர் இந்த வாரம் முழுக்க வரவில்லை. எதிர்த்த மருந்துக்கடைக்காரர் மட்டும் முகதாட்சணியத்துக்காக ஒரு கப் குடித்துவிட்டுப் போனார். குடித்த வாயை ரோட்டில் போய்க் கொப்பளித்ததை நான் பார்த்தேன்.

ஜலஜா ராத்திரி சாப்பிடவில்லை. "இந்த மாசம் பாக்கலாம். சரியா வரலேன்னா பலகையைக் கழட்டிடலாம்" என்றாள். அழுதிருந்தால்கூடத் தேவலை. சாதாரணமாகச் சொன்னாள்.

முப்பது வருஷம் எனக்குச் சமைத்துப் போட்டாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதில்லை. ஊரான் வீட்டுச் சமையலில் குற்றம் கண்டுபிடித்த வாய் வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தது. நாலு பேர் சப்புக்கொட்டிச் சாப்பிட்டு அவள் பார்த்தது இந்த ஆறு மாசம்தான். அதையும் ஒரு சிட்டிகை சோடாவால் கெடுக்கிறாளே அந்தப் பாவி. விடமாட்டேன்.

28-10-1996, திங்கள்

ஒருவேளை சோடா சட்டியிலேயே தங்கிவிடுகிறதோ? இன்றிலிருந்து சோப்புத் தூள் நாலு கரண்டி. இன்னும் நன்றாகத் தேய்க்கிறேன்.

30-10-1996, புதன்

சூட்டோடு சூடாக எழுதிவிடுகிறேன்.

பிடித்துவிட்டேன்.

ஏழரை மணி. தாயம்மா சட்டிகளைக் கவிழ்த்துவிட்டு, ஒயர் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் பத்துப் பேர் இருந்திருப்பார்கள். "கூடையை வை" என்றேன். விழித்தாள். நானே வாங்கி, பெஞ்சின் மேல் கொட்டினேன். டிபன் டப்பா, வெற்றிலை, ஒரு துண்டு. பிறகு ஒரு பேப்பர் பொட்டலம். பிரித்தேன். வெள்ளைத் தூள்!

"என்ன இது?"

"அரிசி மாவு சார்."

"எதுக்கு?"

"சட்டி கசக்குது சார். இந்த நாலு நாளா, சூப்பு வெக்கறதுக்கு முந்தி தெனிக்கும் இந்த மாவ கரைச்சி, கஞ்சி காச்சி, சட்டில ஊத்தி எடுக்கறேன். கசப்ப இழுத்துக்கும்னு. என் வூட்லேருந்துதான் எட்த்தாந்தேன்."

சிரித்துவிட்டேன். சத்தமாக. எத்தனை பொட்டலம் பார்த்திருப்பேன், எத்தனை கதை கேட்டிருப்பேன்! "முப்பத்திரண்டு வருஷமா இதைத்தான் பாத்துட்டிருக்கேன். யார்கிட்ட கதை விடறே?" என்றேன். கூட்டத்தில் யாரோ "அடப்பாவமே" என்றார்கள். அவளைச் சொன்னார்களா, என்னையா?

தாயம்மா அழவில்லை. ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கூடையில் வைத்தாள். வைத்துவிட்டு ஜலஜாவைப் பார்த்தாள். "யம்மா, நீ இன்னாம்மா சொல்றே?"

ஜலஜா என் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாயம்மா போய்விட்டாள். பொட்டலத்தைக் காலி மருந்து பாட்டிலில் போட்டு, மூடி, அரக்கு வைத்து, தேதி எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பழக்கம். சோதிக்கத் தேவையே இல்லை.

கடையைக் காப்பாற்றிவிட்டேன். பின்னே ஏன் தூக்கம் வரமாட்டேன் என்கிறது?

1-11-1996, வெள்ளி

இரண்டு நாளாக ஜலஜாவே சமைக்கிறாள். காலையில் நான் வழக்கம்போலக் கழுவிவிட்டேன். மூன்று சட்டியும் பளிச்சென்று இருந்தன.

சூப் கசக்கிறது.

அதே வழவழப்பு. அதே நுரை. தாயம்மா இந்தப் பக்கமே வரவில்லை. அப்படியானால்? ஜலஜாவுமா? சீ, என்ன புத்தி இது. ஆனாலும் அவள் குளிக்கப் போனபோது அலமாரியில் ஆப்பசோடா டப்பாவைத் திறந்து பார்த்தேன். கட்டி தட்டிப்போய், தொட்டே மாசக்கணக்காகியிருக்கும் போலக் கிடந்தது. டப்பாவை மூடும்போது என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருந்தது.

பிறகுதான் அந்த மருந்து பாட்டிலை எடுத்தேன். அரக்கை உடைத்து, கொஞ்சம் தூளைத் தட்டில் கொட்டி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். சோடாவாக இருந்தால் பொசபொசவென்று பொங்க வேண்டும்.

பொங்கவில்லை.

மறுபாதியையும் பிழிந்தேன். பொங்கவில்லை. நாக்கில் வைத்துப் பார்த்தேன். அரிசி மாவுதான். ரேஷன் அரிசி மாவு.

3-11-1996, ஞாயிறு

பக்கத்து வீட்டு ஸ்ரீரங்கன் இன்று பின்வாசல் வழியாக வந்தார். தபால் ஆபீசில் இருந்து ரிடையர் ஆனவர். மற்ற சட்டிகளின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், முருங்கைக்கீரை சூப்புக்கென்று நூல் கட்டித் தனியாக வைத்திருக்கும் சட்டியிலிருந்து சொம்பில் வாங்கி, கொல்லையிலேயே நின்று குடித்துவிட்டுப் போவார். சூப் கடைக்கு வருவது அவர் மனைவிக்குத் தெரியாது.

தாயம்மாவை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டார். எலும்பு வேகச் சோடா போட்டாள் என்று சொன்னேன். இன்னும் அதையேதான் சொன்னேன், வெட்கமில்லாமல். மாவைச் சோதித்த பிறகும்.

"ஓய் வைரவன், எலும்புக்குன்னா சரி. கீரைக்கு எதுக்கு ஓய் சோடா? கொதிக்கற தண்ணியில போட்டா தானே வெந்துடறது. என் சொம்புலயும் பதினஞ்சு நாளா அதே கசப்புதான். ஆத்துக்குத் தெரியாம குடிக்க வரவன், நான் யார்ட்ட போய்ச் சொல்லுவேன்?"

அவர் போன பிறகு கொல்லையில் உட்கார்ந்து நாலு சட்டியையும் பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்பு கசக்கிறது. கால் கசக்கிறது. கீரை கசக்கிறது. மீன் மட்டும் கசக்கவில்லை. அந்த மூன்றுக்கும் நடந்து, நாலாவதுக்கு நடக்காதது என்ன?

எழுந்து போய்ச் சோப்புத் தூள் டப்பாவை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தேன்.

எலும்புச் சட்டியில் வெறும் தண்ணீரை ஊற்றி அடுப்பில் வைத்தேன். எதுவும் போடவில்லை. உப்புக்கூடப் போடவில்லை. கொதி வந்ததும் ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக நுரை கிளம்பிற்று. ஒரு கரண்டி எடுத்துக் குடித்தேன்.

அட கடவுளே. நான்தான். நானேதான். எவர்சில்வர் பாத்திரமா அது, தேய்த்ததும் வழுக்கிக்கொண்டு போக? மண். ஊற்றினதையெல்லாம் குடித்து வைத்திருக்கிறது. காலையில் நான் ஊட்டினதை சாயங்காலம் சூப்பில் கக்கியிருக்கிறது. நாலு கரண்டி வேறே போட்டேனே, பெரிய மேதாவி!

பின்னால் ஜலஜா நின்றுகொண்டிருந்தாள். சட்டியைப் பார்த்தாள், நுரையைப் பார்த்தாள், பக்கத்தில் இருந்த சோப்புத் தூள் டப்பாவைப் பார்த்தாள்.

"தினமுமா?"

"ம்."

"அன்னைக்கு அவ என் மூஞ்சியப் பாத்துக் கேட்டா. நான் வாயத் திறக்கலே. உங்க முப்பத்திரண்டு வருஷத்த நம்பினேன்."

அவ்வளவுதான் சொன்னாள். உள்ளே போய்விட்டாள்.

4-11-1996, திங்கள்

அடையாற்றங்கரைக் குப்பத்தில் தாயம்மாவின் வீட்டைத் தேடிப் போனேன். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். சோப்புத் தூள், காலை ஐந்து மணி, இரண்டு கரண்டி, நாலு கரண்டி, எல்லாவற்றையும்.

"சோப்பா?" என்றாள். கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. "சட்டிய போயி யாரானா சோப்பு போட்டு கய்வுவாங்களா சார்? சின்ன பசங்களுக்குகூட தெரியுமே. அத்த கேட்டிருந்தா நானே சொல்லிருப்பேனே."

கேட்டிருந்தால். முப்பத்திரண்டு வருஷத்தில் நான் எந்தச் சமையல்காரரிடமும் எதையும் தெரிந்துகொள்வதற்காகக் கேட்டதில்லை. மாட்டவைப்பதற்காகத்தான் கேட்டிருக்கிறேன்.

மறுபடி வேலைக்கு வரச் சொன்னேன். கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள். கையிலிருந்த கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"என் கூடைய பத்து பேருக்கு முன்னால கொட்னீங்கோ. இப்ப வூட்டாண்ட வந்து காதுல சொன்னா இன்னா நாயம் சார் அது? அந்த பத்து பேருக்கு யாரு சொல்வா?"

7-11-1996, வியாழன்

சொன்னேன்.

ஜலஜாதான் பழைய ஆட்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டு வந்தாள். தாயம்மா கேட்டுக்குப் பக்கத்தில், உள்ளே வராமல் நின்றாள். எலும்புச் சட்டியைப் பெஞ்சின் மேல் வைத்து, பக்கத்தில் சோப்புத் தூள் டப்பாவையும் வைத்தேன். எத்தனையோ விசாரணையில் பேசியிருக்கிறேன். இன்று நாலு வாக்கியத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. "சூப்பைக் கெடுத்தது நான். தாயம்மா அதைச் சரி பண்ணத்தான் மாவு கொண்டுவந்தா. நான் அவளைத் திருடி மாதிரி நடத்தினேன். தப்பு என்னுடையது."

மருந்துக்கடைக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அதைத் தாங்கிக்கொண்டேன். நஸ்ருன்னிசா டீச்சர் சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்கும் அதைத்தானே சார் குடுத்தேன்" என்றார். எங்கம்மாவாக இருந்தால் நான் கேஸ் போட்டிருப்பேன்.

தாயம்மா ஜலஜாவிடம் மட்டும் பேசினாள். "அந்த மூணு சட்டியும் ஆவாதும்மா. செடி வெச்சிக்கோ. புச்சா வாங்கி பயக்கினாத்தான் உண்டு."

10-11-1996, ஞாயிறு

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தலைக்குச் சீயக்காய் போதும் என்று விட்டுவிட்டேன். சோப்பைக் கையில் எடுக்கவே கூசுகிறது.

11-11-1996, திங்கள்

சட்டி பானை செய்கிற கொசப்பேட்டைக்குப் போய் மூன்று சட்டி வாங்கிவந்தேன். பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். சுண்டிப் பார், கணீரென்று கேட்க வேண்டும் என்று தாயம்மா சொல்லியனுப்பியிருந்தாள். கடையில் இருந்த சட்டியையெல்லாம் சுண்டிப் பார்த்து, கடைக்காரன் திட்டின பிறகுதான் கிளம்பினேன்.

ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறவேண்டும். பிறகு அரிசி கழுவின தண்ணீரைத் தினம் ஒரு முறை காய்ச்சிக் கொட்ட வேண்டும், ஒரு வாரம். பிறகு எண்ணெய் தடவிச் சிறு தீயில் காயவைக்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல் விடும். இதை எனக்கு நேராகச் சொல்லவில்லை. ஜலஜாவிடம் சொல்லி, ஜலஜா எனக்குச் சொன்னாள்.

19-11-1996, செவ்வாய்

தாயம்மா வேலைக்கு வந்தாள். புதுச் சட்டியில் முதல் சூப். நான் விறகு பிளந்தேன், தண்ணீர் இறைத்து வைத்தேன், அடுப்பின் பக்கம் போகவில்லை.

ஜலஜா ஒரு கப் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். குடித்தேன். தொண்டையில் மிளகு இறங்கி நெஞ்சு வரைக்கும் சூடு பரவிற்று.

"நல்லா இருக்கு" என்றேன்.

முப்பது வருஷம் கழித்து. அவள் கப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

டீச்சர் வந்தார். ஒரு வாய் குடித்தார். தூக்கைத் திறந்து நீட்டினார்.

20-11-1996, புதன்

இன்று சாயங்காலம் கிளம்பும்போது தாயம்மா நேராக என் நாற்காலிக்கு வந்தாள். ஒயர் கூடையின் வாயை இரண்டு கையாலும் விரித்துக் காட்டினாள்.

"பாத்துக்கோங்கோ சார்."

"ஐயோ, வேண்டாம் தாயம்மா."

"வோணும் சார்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் போகவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுத்தான் போனாள். ஜலஜா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

21-11-1996, வியாழன்

இன்றும்.

27-11-1996, புதன்

இன்றும். கோபமாகக்கூட இல்லை. கதவைப் பூட்டுகிற மாதிரி, விளக்கை அணைக்கிற மாதிரி, அதுவும் ஒரு வேலை. காட்டிவிட்டுப் போகிறாள். மற்றபடி நன்றாகத்தான் பேசுகிறாள். இன்று விறகு ஈரமாக இருக்கிறது என்று என்னைக் கோபித்துக்கொண்டாள். அது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

5-12-1996, வியாழன்

காலையிலிருந்து விடாத மழை. மழைக்குச் சூப் ஏழு மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது. ஸ்ரீரங்கன் குடையோடு கொல்லையில் நின்று இரண்டு சொம்பு குடித்தார். தாயம்மா நாரும் சாம்பலும் போட்டுச் சட்டிகளைத் தேய்த்துக் கவிழ்த்தாள். நான் பார்க்கவில்லை. இப்போதெல்லாம் நாற்காலியைத் தெருவைப் பார்த்துத்தான் போட்டுக்கொள்கிறேன்.

கூடையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். நிற்கவில்லை. திறந்து காட்டவில்லை. கேட்டைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

பதினைந்து நாள் கழித்து இன்றைக்கு விட்டுவிட்டாள். போனால் போகிறான் கிழவன் என்று மன்னித்துவிட்டாள். ஜலஜாவைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

கேட் மறுபடி திறந்தது. தெருமுனை வரைக்கும் போனவள் திரும்பி வந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. என் முன்னால் வந்து நின்று, கூடையின் வாயை விரித்தாள்.

"கொட்ற மயைல மறந்துட்டேன் சார். பாத்துக்கோங்கோ."

இத்தனை நாளும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். இன்று குனிந்து பார்த்தேன். டிபன் டப்பா, வெற்றிலை, நனைந்துபோன துண்டு.

"சரி தாயம்மா. போயிட்டு வா" என்றேன். உள்ளே போய் என் குடையை எடுத்துவந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

நாளைக்குக் குடையைத் திருப்பிக் கொடுப்பாள். கூடையையும் காட்டுவாள்.